மீன் சுற்றிய நாலு தாள்

"உனக்கு எதுக்குடி இதெல்லாம்? பத்தாவது படிக்கிறவ பாடத்தப் பாக்காம, உங்கம்மா சின்ன வயசுல இன்னா பண்ணா, ஏது பண்ணான்னு நோண்டிக்கினு கீற. போலீசுல வேல வாங்கித் தரவா?"

பேத்தியை இப்படித் திட்டித்தான் இதை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சிறுகதை எழுதச் சொன்னார்களாம். எழுதியதைக் கொண்டுபோய் நீட்டினால், அவள் அம்மா, அதாவது என் மகள், தொடாமலே எழுந்து போய்விடுகிறாளாம். ஏன் என்று மூன்று நாளாக என்னைப் பிடுங்குகிறாள். சரி, சொல்கிறேன், எழுதிக்கோ, ஆனால் நான் பேசுகிற மாதிரி எழுதாதே, அச்சில் வருகிற மாதிரி ஒழுங்காக எழுது என்றேன். எனக்கு இரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. என் பெயரை எழுதுவேன். எழுதினதைத் திருப்பிப் படிக்கச் சொன்னால்தான் கொஞ்சம் யோசிப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பட்டினப்பாக்கத்தில் இருந்தோம். நான் கூடையில் மீன் எடுத்துக்கொண்டு மந்தைவெளித் தெருக்களில் விற்பேன். பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்குப் பாத்திரத்தில் போடுவேன். வெறுங்கையோடு வருகிறவர்களுக்குத் தாளில் சுற்றித் தருவேன். அதற்காகப் பழைய பேப்பர் கடையில் கட்டுக் கட்டாகத் தாள் வாங்கிப் போட்டிருப்பேன். அதில் வாரப் பத்திரிகைகளும் கலந்து வரும். ஒருநாள் பார்த்தால், கூடையில் மிச்சமான ஈரத் தாளைத் தரையில் விரித்து, ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டிவிட்டு, மகள் கதை படித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். தமிழ் அவளுக்கு, இங்கிலீஷ் மீனுக்கு. படிக்கத் தெரியாவிட்டாலும் எனக்குப் பிரிக்கத் தெரியும். தமிழ் எழுத்து இறால் மாதிரி சுருண்டிருக்கும். இங்கிலீஷ், நெத்திலி காயப்போட்ட மாதிரி குச்சி குச்சியாக இருக்கும்.

அப்படியே படித்துப் படித்து, அவள் மந்தைவெளி நூலகம் வரைக்கும் போய்விட்டாள். ஒன்பதாவது படிக்கும்போது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறுகதைப் போட்டி என்று அங்கே எழுதி ஒட்டினார்கள். நாலு பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். நன்றாக இருப்பதைப் பத்திரிகைக்கு அனுப்புவதாக நூலகத்து அம்மா சொன்னாராம். யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுது என்றும் சொன்னாராம். மூன்று வாரம் கையை வைத்து மறைத்துக்கொண்டு எழுதினாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, என்னிடமிருந்து எதற்கு மறைக்கிறாய் என்று கேலி செய்வேன். சிரிக்க மாட்டாள். அவளுடைய உயிரே அந்த நாலு தாளில்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும், தெரிந்தும் கேலி செய்தேன்.

நல்ல தாள் வாங்க மனம் வராமல், என் பேப்பர் கட்டிலிருந்தே ஒரு பக்கம் மட்டும் அச்சான இங்கிலீஷ் தாள்களைப் பொறுக்கி, வெள்ளைப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். எழுதி முடித்து, யாரும் பார்க்கக் கூடாது என்று ஜன்னலோரம் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்திருக்கிறாள். சனிக்கிழமை காலையில் நான் பார்த்தது குச்சி எழுத்துத்தான். மகள்தான் நமக்காக எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பதினொரு மணிக்குத் திரும்பினால், வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டு நடுவில் நிற்கிறாள். அழவில்லை. கூடையை எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், காலையில் நான் எடுத்துப்போன தாள் எது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

காசு யார் தந்தார்கள் என்பதை மறப்பேன், எந்த மீன் எந்த வீட்டுக்குப் போனது என்பதை மறக்க மாட்டேன். வந்த வழியே திரும்பி ஓடினேன். சங்கரா மீன் வாங்கின வீட்டில் குப்பைக் கூடையிலிருந்து ஒரு தாள் கிடைத்தது. காரப்பொடி மீன் வாங்கின வீட்டில் பூனைக்குக் குடல் வைத்திருந்த தாளைப் பூனையிடமிருந்து பிடுங்கினேன். வவ்வால் மீன் வாங்கின வீட்டுத் தாள் லாரியில் பெருங்குடி குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. கடைசியாக ஒரு டீச்சர் வீடு. அவர் தாளைத் துடைத்து, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தார்.

"இது யார் எழுதினது?" என்றார்.

என் பெண் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படித்துக் காட்டுங்கள் என்றேன். வேண்டாமே என்றார். விடவில்லை நான். படித்தார். ஒரு பெண், பள்ளிக்கூடத்து வாசலுக்குச் சோறு கொண்டு வருகிற அம்மாவைப் பற்றித் தோழிகள் கேட்கும்போது, அது எங்கள் வீட்டு வேலைக்காரி என்று சொல்லிவிடுகிறாள். அன்று முழுக்க அந்தச் சோற்றைப் பிரிக்காமல் வைத்திருக்கிறாள். அத்தோடு தாள் முடிந்தது. அந்த வாசலில் ஒருநாள் நான் நின்றது ஞாபகம் வந்தது. வெயில். புடவையில் மீன் ஈரம். பெண்கள் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கா. அவகிட்ட சொல்லுங்க" என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றுகூட ஆகவில்லை. மூன்று தாளையும் கொடுத்தேன். உட்கார்ந்து, துணியால் ஒற்றி, வரிசையாக அடுக்கினாள். ஒரு பக்கம்தானே போச்சு, எழுதிடுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேனா மூடியைத் திறந்துவிட்டாள். அப்போது கேட்டாள்.

"யாராச்சும் படிச்சாங்களாம்மா?"

இல்லை என்றிருக்கலாம். படித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், நீ எழுது என்றும் சொல்லியிருக்கலாம். டீச்சர் சொன்ன சொல் தொண்டை வரை வந்தது. எனக்கு வலித்தால் வாய் கேலிக்குத்தான் போகும்.

"ஏன்டி, அந்த வேலக்காரி சோறு மட்டுந்தான் கொண்டாந்தாளா, பாத்திரமும் கழுவிட்டுப் போனாளா?"

பேனாவை மூடினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று தாளையும் மடித்து, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் வைத்தாள். ஈரத் தாள், சீக்கிரம் எரியவில்லை. ஊதுகுழலை எடுத்து அவளே ஊதினாள். வேண்டாம்டி, சும்மாச் சொன்னேன்டி என்று கையைப் பிடித்தேன்.

"பொய்க் கதம்மா அது. வுடு" என்றாள்.

அதன் பிறகு அவள் எழுதவே இல்லை. அடுத்த வாரம் நான் தமிழ்ப் பத்திரிகைகளைப் பிரித்து வைத்தபோது, இதையும் மீனுக்கே எடுத்துக்கொள் என்று தள்ளினாள். பத்தாவது முடித்து எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போனாள். ஆதம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தோம். எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் நர்சிடம், இது எங்கம்மா என்று, கேட்காமலே சத்தமாகச் சொல்வாள்.

கதையை எரித்த அன்று சாயங்காலம் ஐந்து மணி தாண்டித் தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயடியில் எல்லோருக்கும் போட்டி விஷயம் தெரியும். உம் பொண்ணு கதைய குடுத்துட்டாளா என்றார்கள். குடுத்துட்டாளே, நாலு பக்கம் என்றேன். நாங்கெல்லாம் வர்றமா அதுல என்று ஒருத்தி கேட்டாள். உங்க மூஞ்சிக்கெல்லாம் கதை ஒரு கேடா என்றேன். சிரித்தார்கள். அப்போ நீ மட்டும் வர்றியோ, இன்னாவா வர்ற என்றாள்.

குடம் நிரம்பியிருந்தது. இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னேன்.

"நான் அவளுக்கு அம்மாவா வர்றேன்."