ஹாரன் படம் போட்ட பொத்தான்

பெரிய கம்பெனி ஒண்ணு சின்ன கம்பெனியை வாங்கிடுச்சுன்னு செய்தி வந்தா நான் முன்னெல்லாம் சந்தோஷப்படுவேன். எங்கேயோ ரெண்டு பசங்க ஒரு ரூமுக்குள்ள உட்கார்ந்து எதையோ செஞ்சானுங்க, இப்ப கோடீஸ்வரனாயிட்டானுங்க, நல்லா இருக்கட்டும்னு அடுத்த பக்கத்தைப் புரட்டிடுவேன். ரிட்டயர் ஆன பஸ் டிரைவருக்கு வேற என்ன வேலை? பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில பேப்பரை ஒரு வரி விடாம படிச்சுட்டு, வூட்டுக்கு வந்து போன்ல சாப்ட்வேர் செய்தி சொல்ற வீடியோ நாலஞ்சு பார்ப்பேன். எவன் ஆளைத் தூக்கினான், எவன் புது வெர்ஷன் விட்டான், கம்ப்யூட்டரே கதை எழுதுதாமே, எல்லாத்துக்கும் எங்கிட்ட ஒரு கருத்து இருக்கும். யாரும் கேட்கலைங்கறது வேற விஷயம்.

என் பொண்டாட்டிக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் ஆகுது. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்துடுவா. சோறு அவளே சாப்பிட்டுடுவா. பேச்சுதான் போயிடுச்சு. எதைச் சொல்ல வந்தாலும் "தா... தா..."ன்னு அது ஒண்ணுதான் வரும். நாம பேசறது அத்தனையும் அவளுக்குப் புரியும், பதில்தான் உள்ளேயே கெடக்கும். முப்பது வருஷமா என்னை ஒரு சொல்லுல அடக்கிட்டிருந்த வாய் அது. அது இப்படி ஆனதுல அவளுக்கு எவ்வளவு கஷ்டமோ, சொல்லப் போனா எனக்கும் அவ்வளவு கஷ்டம். என்னை நிறுத்த ஆளில்லை.

எனக்குக் கோவம் ஜாஸ்தி. அரியலூர் ரூட்ல சிமெண்ட் லாரிக்குப் பின்னாடியே இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டிப் பாருங்க, உங்களுக்கும் வரும்.

திருச்சியில பேச்சுப் பயிற்சி குடுக்குற அம்மாதான் அந்த ஆப்பைச் சொன்னாங்க. ஒரு டேப்லட் வாங்கிக்குங்க, அதுல கட்டம் கட்டமா படம் இருக்கும், தொட்டா அது பேசும்னாங்க. எழுத்து இவங்களுக்குப் புரியாமப் போயிடுச்சு, படமும் இடமும் மனசுல நிக்கும்னாங்க. வாங்கினோம். தண்ணி சொம்பு படத்தைத் தொட்டா, ஒரு பொம்பளைக் குரல், "எனக்குத் தாகமாக இருக்கிறது, தண்ணீர் வேண்டும்"னு ரேடியோ நியூஸ் மாதிரி சொல்லுச்சு. என் பொண்டாட்டி அந்த டேப்லட்டை அப்படியே திருப்பி வச்சுட்டா. அவ மானத்துக்கு அந்தத் தமிழ் ஒத்து வரலை.

அப்புறம் என் கொழுந்தியா திருமானூர்லேருந்து வந்தா. அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் குரல் ஒரே அச்சு. கல்யாணமான புதுசுல உள்ள இருந்து யாரு கூப்பிடறான்னு தெரியாம நான் முழிச்சிருக்கேன். அவ ரெண்டு நாள் உட்கார்ந்து நாப்பது பொத்தானுக்கும் தன் குரலைப் பதிஞ்சு குடுத்தா. "ஏங்க, செத்த இங்க வாங்க." "தண்ணி குடுங்க." "எனக்கு ஒண்ணும் வேணாம், போங்க." கடைசி வரிசையில வலது ஓரத்துல ஒரு கட்டம் காலியா இருந்துச்சு. அதுல ஏர் ஹாரன் படத்தைப் போட்டு, "கத்தாதீங்க"ன்னு பதிஞ்சா. "மாமா, இதுதான் அக்காவுக்கு ரொம்பத் தேவைப்படும்"னு சிரிச்சா. அக்காளும் சிரிச்சா. நோவு வந்ததுக்கப்புறம் அவ சிரிச்சது அன்னைக்குத்தான்.

எது எங்க இருக்குன்னு விரலுக்குப் பழக எட்டு மாசம் ஆச்சு. பழகினப்புறம் வூட்டுல பேச்சு வந்துடுச்சு. நான் பால்காரர்கிட்ட எகிறினா உள்ளேருந்து "கத்தாதீங்க". கரண்ட் ஆபீஸுக்குப் போன் பண்ணி எகிறினா "கத்தாதீங்க". சில நாள் நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே "கத்தாதீங்க". அடி ஆத்தி, பொத்தான் வந்தப்புறம் முன்னைவிட அதிகமாத் திட்டு வாங்கினேன். நிம்மதியா இருந்துச்சு.

ஒரு நாள் டேப்லட்டைத் துடைச்சு அவகிட்ட குடுத்தப்பதான் பார்த்தேன். திறந்ததும் வெள்ளையா ஒரு பெட்டி வந்துச்சு, இங்கிலீஷ்ல நாலு வரி, நடுவுல பெருசா ஒன்பதுன்னு ஒரு நம்பர். அவ இடது கை விரலால ஓரத்துல இருந்த பெருக்கல் குறியைத் தட்டினா, பெட்டி போயிடுச்சு. தட்டின வேகத்தைப் பார்த்தா இது ரொம்ப நாளா நடக்குதுன்னு தெரிஞ்சது. மருந்துக் கடைக்குத் தூக்கிட்டு ஓடினேன். கடைக்காரர் படிச்சுட்டு, "ஐயா, இந்த ஆப்பை ஒரு பெரிய கம்பெனி வாங்கிடுச்சாம். இன்னும் ஒன்பது நாள்ல இது நின்னுடும். உங்க அக்கவுண்டுக்குள்ள போனீங்கன்னா, படம் குரல் எல்லாம் அதே இடத்துல அப்படியே அவங்க புது ஆப்புக்கு மாறிடும். மூணு மாசமா மெயில் போட்டிருக்காங்களாமே, பார்க்கலையா?"ன்னார். கடைசி வரியையும் படிச்சார். எங்களோட பயணம் செஞ்சதுக்கு நன்றியாம்.

நான் எத்தனையோ பஸ்ஸை நடு ரோட்டுல பிரேக்டவுன் ஆகி நிறுத்தியிருக்கேன். ஒருத்தரையும் அம்போன்னு விட்டுட்டு, பயணம் செஞ்சதுக்கு நன்றின்னு சொல்லிட்டுப் போனதில்லை. பின்னாடி வர்ற வண்டியைக் கை காட்டி ஏத்திவிட்டுட்டுத்தான் டிப்போவுக்குப் போன் பண்ணுவேன்.

இதுல கேவலம் என்னன்னா, அந்தச் செய்தியை வீடியோவுல நான் பார்த்திருக்கேன். பேசுற ஆப்பு செஞ்ச பசங்க சாதிச்சுட்டாங்கன்னு அந்த ஆளு கையைத் தட்டித் தட்டிச் சொன்னான். கீழே எல்லாரும் வாழ்த்து போட்டிருந்தாங்க. நானும் லைக் போட்டேன். அது எங்க வூட்டு ஆப்புதான்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க வூட்டுல அதுக்குப் பேரு டேப்லட்டு, அவ்வளவுதான்.

ஒரு ரூட்டு பஸ்ஸை நிறுத்தினா எங்க ஊர்ப்பக்கம் என்ன நடக்கும்? வாலிகண்டபுரத்துக்காரங்க ஒரு தடவை காலையிலேயே ரோட்டுல உட்கார்ந்துட்டாங்க. மறியல். என் வண்டி முதல் வண்டி, ரெண்டு மணி நேரம் நின்னேன். தாசில்தார் வந்தார், டிப்போ ஆளு வந்தார், மறுநாள் பஸ் வந்துடுச்சு. இந்த பஸ்ஸை நிறுத்தினவனை நான் எந்த ரோட்டுல மறிக்கிறது? அவன் எந்த ஊருன்னே தெரியாது. சாப்ட்வேர் செய்தியில வாங்கினவன் பேரு வருது, வித்தவன் பேரு வருது. வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிறவங்க யாருன்னு ஒரு வரிகூட வராது.

சரி, அக்கவுண்டுக்குள்ள போவோம்னா அங்கதான் என் தப்பு உட்கார்ந்திருந்தது. எங்க ஊர்ப்பக்கம் போன், டேப்லட்டு எது வாங்கினாலும் கடைக்காரர் கையிலேயே குடுத்து, "எல்லாத்தையும் நீங்களே போட்டுக் குடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டு எதிர்க் கடையில டீ குடிக்கப் போயிடுவோம். மெயில் ஐடி அவர் உண்டாக்குவார், பாஸ்வேர்டும் அவரே வைப்பார், நம்பர் கேட்டா அவசரத்துக்குத் தன் நம்பரையே தட்டி விடுவார். நாமளும் எதுவும் கேட்க மாட்டோம். நான் வாங்கின கடை இப்ப ஜூஸ் கடை. விசாரிச்சுக்கிட்டே அரியலூருக்குப் போனேன். ஆளு அங்க கேமரா மாட்டுற கடையில இருந்தாரு. பாவம், நல்ல மனுஷன். "அண்ணே, எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் வச்சேன், இந்தாங்க. ஆனா இத்தனை நாள் கழிச்சு உள்ள போனா ஓடிபி கேட்கும். அது என் பழைய நம்பருக்குப் போவும். அந்த சிம்மை நான் விட்டு ஒரு வருஷம் ஆச்சு, இப்ப வேற யாருக்காவது போயிருக்கும்"னார். நம்பரை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தார்.

வூட்டுக்கு வந்து அவ பக்கத்துலயே உட்கார்ந்து அந்த நம்பருக்குப் போட்டேன். ஒரு அம்மா எடுத்தாங்க. நடந்ததெல்லாம் சொன்னேன். பொறுமையாத்தான் சொன்னேன், சத்தியமா. "இப்ப உங்க போனுக்கு ஆறு நம்பர் வரும்மா, அதை மட்டும் சொல்லிடுங்க"ன்னேன்.

"ஓடிபி கேட்குறியா? மீன்சுருட்டி ஊர்க்காரின்னா ஏமாளின்னு நினைச்சியா?"

"ஐயோ, அது இல்லம்மா. என் சம்சாரத்துக்குப் பேச்சு வராது..."

"போன வாரம் பேசினவன் பேங்க் மேனேஜர்னான். நீ சம்சாரங்கிற. எம்மவன் சொல்லியிருக்கான், யாரு கேட்டாலும் சொல்லாதேன்னு."

அவங்க மேல தப்பே கிடையாது. இதையேதான் நான் டீக்கடையில எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன். ஆனா அந்த அம்மா உடனே வைக்கலை. "உண்மையிலேயே பேச்சு வராதா? எத்தனை நாளா?"ன்னு குரலைக் குறைச்சுக் கேட்டாங்க. பதில் சொல்லியிருக்கணும். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருந்தா போதும். நான் என்ன பண்ணேன்? அரியலூர் போய் வந்த அலுப்பு, ஒன்பது நாள் ஆறானது, எல்லாம் சேர்ந்து தலைக்கேறிடுச்சு. "பொய்யா சொல்றேன்? நோவுல கெடக்கிறவளைச் சொல்லி ஏமாத்துற ஜென்மமா நானு? நம்பரைச் சொல்லும்மான்னா சொல்லேன்!"னு கத்திட்டேன்.

பக்கத்துல "கத்தாதீங்க"ன்னு கேட்டுச்சு. நான் நிறுத்தலை. திரும்பவும் "கத்தாதீங்க". திரும்பவும். அவ விரல் அந்த ஹாரன் படத்தைக் குத்திக்கிட்டே இருக்கு, நான் அதுக்கு மேல சத்தம் போட்டுக்கிட்டே இருக்கேன். அந்தப் பக்கம் போன் கட்டாயிடுச்சு. அப்புறம் எத்தனை தடவை போட்டாலும் போகலை. என் நம்பரைத் தடுத்துட்டாங்க. மருந்துக் கடைக்காரர் போன்லேருந்து பேசினேன், என் குரலைக் கேட்டதும் வச்சுட்டாங்க.

மறுநாள் மீன்சுருட்டிக்கே பஸ் ஏறிப் போனேன். இறங்கினப்புறம்தான் புத்தி வந்துச்சு. பேரு தெரியாது, தெரு தெரியாது. வெறும் நம்பரை வச்சுக்கிட்டு ஒரு பொம்பளையைத் தேடுற கிழவனை ஊர் எப்படிப் பார்க்கும்? ரெண்டு கடையில கேட்டேன், மூணாவது கடையில "யாருய்யா நீ?"ன்னாங்க. திரும்பி வந்துட்டேன். அந்த வாரம் முழுக்க, கதவைப் பூட்டிச் சாவியை உள்ள வச்சுட்ட மாதிரியே இருந்தேன். எந்தப் பக்கம் போனாலும் அதே கதவு.

கொழுந்தியா போன்ல அழுதா. "மாமா, நான் வேற ஆப்புல முதல்லேருந்து பதிஞ்சு தரேன்"னா. திருச்சி அம்மாகிட்ட கேட்டேன். பதியலாங்க, ஆனா இடம் எல்லாம் மாறிடும், மறுபடி எட்டு மாசமாவது ஆகும், ஆரம்பிங்கன்னாங்க. இதையெல்லாம் என் பொண்டாட்டிகிட்ட நான் சொல்லலை. அவளுக்கு எதுக்கு வேதனை, அன்னைக்குப் பார்த்துக்கலாம்னு பூசி மெழுகிக்கிட்டிருந்தேன்.

தினசரி காலண்டர் கிழிக்கிறது எங்க வூட்டுல அவ வேலை. வேற யாரையும் தொட விடமாட்டா. ஒன்பதாவது நாள் காலையில அவ முந்தின நாள் தாளைக் கோணலாக் கிழிச்சா. அடியில இருந்த தாள்ல, தேதிக்கு மேல குங்குமப் பொட்டு ஒண்ணு காஞ்சு போய் ஒட்டியிருந்தது. எப்பவோ வச்ச பொட்டு. எழுத்துதான் அவளுக்குப் போயிருக்கு, நம்பர் போகலை. அந்தப் பெட்டியில தினம் ஒண்ணொண்ணாக் குறையறதைப் பார்த்து, தாளை எண்ணி, எனக்கு முன்னாடியே குறிச்சு வச்சிருக்கா. நான் போன்ல கத்தினப்ப அந்த ஓடிபி எதுக்குன்னு அவளுக்குத் தெரியும். தன் பேச்சைக் காப்பாத்திக்கத்தான் அவ அன்னைக்கு அந்தப் பொத்தானை அப்படிக் குத்தியிருக்கா.

டேப்லட்டைத் திறந்தேன். படம் ஒண்ணுகூட இல்லை. வெள்ளைத் திரையில அந்த நன்றி மட்டும் இருந்துச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "நாசமாப் போறவனுங்களா, உங்களை யாருடா வாங்கச் சொன்னது, யாருடா விக்கச் சொன்னது"ன்னு அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும்.

அவ இடது கையை நீட்டி, வெறும் வெள்ளையா இருந்த கண்ணாடியில, கடைசி வரிசை வலது ஓரத்தைத் தொட்டா. சத்தம் எதுவும் வரலை. விரலை எடுக்காம என்னையே பார்த்துக்கிட்டிருந்தா.

நான் வாயை மூடிட்டேன்.