நாலு விரல் இடைவெளி

வெள்ளைக்காரரின் பைகளை இராமகிருஷ்ணனே ஆள் வைத்து எடுப்பித்தான் என்று கண்டியில் கதைக்கிறார்களாம். என் மனைவி றஞ்சனாவுக்கு இதைச் சொன்னது கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் அவளுடைய தோழி. தோழிக்குச் சொன்னது அவளை வேலைக்கு ஏற்றிப்போகும் ஓட்டோக்காரர். அவன் ஓட்டும் கெப் வண்டியின் திறந்த பின்தட்டை மூடியிருந்த படங்குத் துணியை பிளேட்டால் ஒரே கீறாகக் கீறி, நாலு பைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"பட்டப்பகல்ல, சந்தைக்குப் பக்கத்தில நிண்ட கெப். சாரதிக்குத் தெரியாம நடக்குமே எண்டு கேக்கினமாம்," என்று மெல்பேர்னில் எங்கள் குசினியில் அடுப்பருகே நின்றபடி றஞ்சனா சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் நம்பேல்லை. கேட்டதைச் சொன்னன்," என்றாள்.

இராமகிருஷ்ணன், கண்டியில் நகரத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருக்கும் மஹய்யாவக்காரன். தகப்பன் நகரத்துத் தெருக்களைக் கூட்டியவர். என் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து கண்டிக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தார். நாங்கள் இருவரும் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் ஒரே வாங்கில் இருந்தோம். அதன்பின் நான் ஆங்கில வகுப்பு, சோதனை, விமானம் என்று போய்விட்டேன். அவன் இருபது வயதில் குப்பை அள்ளும் டிராக்டரின் சாரதியானான். பின்னால் பெட்டியைக் கொளுவிக்கொண்டு, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய சந்துகளுக்குள் பின்பக்கமாகவே ஓட்டிப் போவான். கண்ணாடியைப் பார்க்கமாட்டான். கழுத்தைத் திருப்பி, வாயில் வெற்றிலையோடு, ஒரு கையால் ஓட்டுவான்.

அந்தக் கைதான் அவனுக்கு ஐம்பது வயதில் நல்ல வேலை ஒன்றை வாங்கிக் கொடுத்தது. தெல்தெனியவில் ரஸீன் என்பவர் நீர்த்தேக்கத்தைப் பார்த்த காணியில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறைகள் கட்டி வைத்திருக்கிறார். நாலு வருடத்துக்கு முன் நடமாடும் வீடு ஒன்றையும் செய்வித்தார்: கட்டில், சமையல் மேடை, கழிவறை எல்லாம் அடங்கிய நீளப் பெட்டி. அதன் மூக்கு கெப்பின் பின்தட்டுக்கு மேலே ஏறி நிற்கும். பின்தட்டின் நடுவே லாட வடிவில் ஓர் இரும்புத் தட்டு பூட்டியிருக்கும். மூக்கின் அடியில் உள்ள முளை அதில் விழுந்து பூட்டிக்கொள்ளும். அந்தத் தட்டுக்கு ஐந்தாம் சில்லு, அதாவது ஐந்தாம் சக்கரம், என்று பெயர், அது ஓடுகிற சில்லு அல்ல என்றாலும். அதை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போக அந்தப் பகுதியில் வேறு ஒருவருக்கும் தெரியவில்லை.

"எங்க பழகினீங்கன்னு மொதலாளி கேட்டாரு. கட்டார்லன்னு சொல்லிட்டேன்," என்று அப்போது சிரித்தான்.

"ஏன்டா பொய் சொன்னனீ?"

"குப்ப டிராக்டர்னு சொன்னா அந்த வீட்டுக்குள்ள மூக்கப் பொத்திக்கிட்டில்ல ஏறுவாங்க."

பைகள் போனது ஜனவரியில். நடமாடும் வீட்டைத் தெல்தெனியவில் கழற்றி நிறுத்திவிட்டு, பயணிகளையும் பைகளையும் கெப்பில் ஏற்றிக்கொண்டு கண்டிக்கு வந்த நாள் அது. பொலிஸில் வாக்குமூலம் எடுத்தவர் அவனுடைய விலாசத்தை மூன்று தரம் கேட்டாராம். மஹய்யாவ என்று மூன்று தரமும் அவன் சொல்லியிருக்கிறான்.

நான் தொலைபேசி எடுத்தபோது குரலில் ஈரமே இல்லை.

"மொதலாளி சொல்லிட்டாரு அம்பி. இந்த மாசத்துக்குள்ள படங்குத் துணிய எடுத்துட்டு, பூட்டுப் போடுற மாதிரி கெட்டியான மூடி ஒண்ணு போடணும். இல்லாட்டி சாவியக் குடுத்துட்டுப் போகணும்."

"விட்டிட்டு வேற வேலை பாரன்."

"இப்ப விட்டா, எடுத்தவன் ஓடிட்டான்னுதானே பேசுவாங்க? நிவேதிகா வேலைக்கு இன்டர்வியூ போயிட்டு வந்திருக்கா. போற எடமெல்லாம் கள்ளனோட மகள்னு கேட்டுக்கிட்டு அவ நிக்கணுமா?"

நிவேதிகா அவனுடைய ஒரே மகள். தாய் இல்லாமல் அவன் வளர்த்த பிள்ளை.

மூடி போடுவது லேசான வேலை இல்லை. பூட்டும்போது பின்தட்டு முழுவதும் மூடியிருக்க வேண்டும். வீட்டைக் கொளுவும்போது மூக்கு இறங்கத் திறந்து கொடுக்க வேண்டும். வண்டி திரும்பும்போது மூக்கின் மூலை கெப்பின் முதுகை, பின்கண்ணாடி இருக்கும் பக்கத்தை, நோக்கி வரும், அங்கே ஒன்றும் நிற்கக்கூடாது. இதையெல்லாம் நான் பிறகு அறிந்துகொண்டேன். அவன் முதல் நாளே அறிந்திருந்தான். தொலைக்காட்சிப் பெட்டி வந்த மட்டையை மூக்கின் அளவுக்கு வெட்டி, பின்தட்டின் மேல் வைத்து, தெல்தெனியவில் பட்டறை வைத்திருக்கும் ஷிராஸோடு சேர்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். வீடியோவில் எனக்கும் காட்டினான். மட்டையின் மூலைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே கையை நீட்டினான்.

"பாரு. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா நாலு வெரல். அவ்வளவுதான் இருக்கு."

ஷிராஸ் எட்டிப் பார்த்து, அண்ணன் என்ற முறையில் அவனை 'நானா' என்று விளித்துச் சொன்னார்: "மூணு துண்டா அலுமினியத் தகட்டுல அடிச்சித் தாறேன் நானா. நடுத்துண்டக் கழட்டினா மூக்கு எறங்கும். கழட்டின துண்ட அந்த வீட்டுக்குள்ளயே போட்டுக்கலாம். பாக்க வடிவில்ல, ஆனா இடிக்காது."

எனக்குத்தான் பொறுக்கவில்லை. தகரத்துண்டு மூன்றை யாராவது நெம்பிவிடுவான், மறுபடியும் இவன்மேல் பழி விழும் என்று பயந்தேன். இரண்டு வாரம் இருந்து இணையத்தில், ஆங்கிலத்தில் வாசித்தேன். அவனுடைய கெப்பின் அதே மொடலுக்கு, உள்ளிருந்து பூட்டுகிற, மூன்றாய் மடிந்து கெப்பின் முதுகோடு நிமிர்ந்து நிற்கிற கெட்டி மூடி ஒன்று இங்கே விற்கிறார்கள். ஐந்தாம் சில்லு இழுவைக்கு ஏற்றது என்று போட்டிருந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் புகழ்ந்திருந்தார்கள். அவர்கள் ஓடுகிற தெருக்களில் ஒரு மணித்தியாலம் போனாலும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்க வேண்டி வராது என்பது எனக்குத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் அவனுக்குச் சொன்னேன். சொல்லும்போது அது வாசித்ததைவிட உறுதியாக ஒலித்தது.

"நிமிந்து நிக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

"ஓம். ஆனா ஏற்றது எண்டு எழுதியிருக்கடா."

"நீ படிச்சவன். சரி," என்றான்.

கப்பலில் அனுப்பினேன். அவன் ரஸீன் முதலாளியைக் கேட்டு மார்ச் வரை தவணை வாங்கினான். மூடி பூட்டிய அன்று படம் வந்தது. கறுப்பு மூடி பளபளவென்று பூட்டியிருந்தது. அடுத்த படத்தில் மடிந்து நிமிர்ந்து நின்றது, பின்னால் வீடு கொளுவியிருந்தது. வண்டி நேராக நின்றது.

"திரும்பேக்க எப்பிடி?" என்று கேட்டேன்.

"எல்லாம் சரியா இருக்கு அம்பி. மொதலாளி வர்றவங்ககிட்ட எல்லாம் தட்டிக் காட்டுறாரு, ஒஸ்ட்ரேலியா சாமான்னு. ஒனக்கு வேற வேல இல்லையா, வாரா வாரம் இதையே கேக்குற?"

நான் நம்பினேன். நம்புவது சுகமாக இருந்தது.

இன்று வேலையிடத்தில் பகல் சாப்பாட்டுக்கு இருந்தபோது நிவேதிகாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கெப்பின் பின்கண்ணாடி. ஒரு மூலையிலிருந்து நடுவரைக்கும் வெடிப்பு ஓடியிருந்தது. கண்ணாடிக்கும் மூடிக்கும் நடுவே பழைய டயர்த் துண்டு ஒன்று செருகியிருந்தது. கீழே, "மாமா, நான் அனுப்பினேன்னு அப்பாகிட்ட சொல்லிறாதீங்க."

அவளைத் தொலைபேசியில் எடுத்தேன்.

"எப்ப நடந்தது பிள்ளை?"

"மொத வெடிப்பு ஏப்ரல்ல மாமா. புசல்லாவ ரோட்டுல. பஸ் ஒண்ணு ஹோர்ன் அடிச்சுக்கிட்டே பின்னால வந்துச்சாம், அவசரத்துல ஒடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வளைவுலயும் நிப்பாட்டி, பின்னுக்கு எடுத்து, ரெண்டு மூணு தடவ வெட்டித்தான் திருப்புறாரு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? கழட்டிப்போட்டு ஷிராஸிட்டயே ஒண்டு அடிச்சிருக்கலாமே."

"நானும் சொன்னேன். அவ்வளவு தூரத்துலருந்து கூட்டாளி அனுப்பினத கழட்டி மூலையில போட்டா அது மரியாதயான்னு கேட்டாரு. வாங்கின ஆளுக்கு மனசு நோகுமாம்."

அவளே தொடர்ந்தாள்.

"இன்னைக்கி டூரிஸ்ட் குடும்பம் ஒண்ண ஏத்திக்கிட்டு மஹியங்கனைக்கு ஹயர் மாமா. ஹசலக்க எறக்கத்துல அந்தப் பதினெட்டு வளைவு இருக்கில்ல, அதுல வீட்டோட எறங்கப் போறாரு. இங்க விடிஞ்சதுலருந்து மழ. பின் சீட்டுல ரெண்டு சின்னப் புள்ளைங்க."

"எத்தனை மணிக்கு வெளிக்கிட்டவர்?"

"ஏழு மணிக்கு தெல்தெனியவுலருந்து."

அங்கே எட்டு மணியாகியிருந்தது. அந்த வளைவுகளுக்கு முன்னால் வரும் உன்னஸ்கிரியைத் தாண்டியிருப்பான், அல்லது தாண்டிக்கொண்டிருப்பான்.

ஷிராஸை எடுத்தேன். பட்டறையின் சுத்தியல் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்.

"காலையில இங்கதான் வந்தாரு. டயர்த் துண்டு நசிஞ்சி போயிரிக்கி, வேற ஒண்டு தாங்கன்டு கேட்டாரு. நானா, இத இப்பயே கழட்டுவோம், ரெண்டு பேர் பிடிச்சாப் போதும்டு சொன்னேன். பைகள எங்க பூட்டுறது, இன்னொருக்கா காணாமப் போனா எனக்கு யார் சாட்சின்டு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல?"

"அந்தக் கண்ணாடி தாங்குமா?"

சுத்தியல் நின்றது. "மூக்கு ஒருக்கா நல்லா இடிச்சாத் தாங்காது. மூடியே உள்ளுக்கு வந்துடும். பின் சீட்டுல ஆக்கள் இரிக்காங்களா?"

நான் தொலைபேசியை வைத்தேன்.

அவனுக்குச் சொல்லவேண்டியது ஒரு வசனம்தான். தெருவோரம் நிறுத்து, பிள்ளைகளை இறக்கு, யாரையாவது கூப்பிட்டு அந்த மூடியைக் கழற்றிப் பள்ளத்தில் எறி, எனக்கு நோகாது. எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. ஓட்டும்போது அவன் எடுக்கமாட்டான், அது அவனுடைய ஒழுங்கு. வண்டியை நிறுத்திவிட்டுத் திருப்பி எடுப்பான். பத்து நிமிடம் பார்த்தேன். எடுக்கவில்லை. ஓட்டுகிறவனின் சட்டைப்பையில் நானே மணி அடித்து, வளைவில் அவன் கையைத் தடுமாறச் செய்கிறேனோ என்று நினைத்தபோது விரல் பின்வாங்கியது. நிவேதிகா செய்தி போட்டாள்: "எனக்கும் எடுக்கல மாமா. உங்களுக்கு?"

மறுபடியும் எடுத்தேன். தொடர்பு கிடைக்காத இடமென்றால் உடனே அந்தப் பதிவுக் குரல் வந்து மூன்று மொழியிலும் சொல்லியிருக்கும். அது வரவில்லை. மலையில் எங்கோ ஓர் இடத்தில் அந்தத் தொலைபேசி நல்லபடியாகத்தான் இருக்கிறது. மணி போய்க்கொண்டிருக்கிறது.