பின்னறைக்கு வைஃபை

இங்கே வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டைப் பூட்டிக்கொள்கிறார்கள். வாசலில் இரும்புக் கிரில், சன்னல்களில் கிரில், பட்டப்பகலிலும் வாசல் கிரிலில் ஒரு பூட்டு. நம் ஊரில் வெளியே கிளம்பும்போதுதான் பூட்டைத் தேடுவோம். மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் வீடு திரும்பியதும் தேடுகிறார்கள். சாவி என் மாமியாரின் இடுப்பில். கேட்டால் தருவார், ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் கல்யாணமாகி வந்த இந்த மூன்று வருடங்களில் கேட்காமல் நான் வெளியே போனதே இல்லை.

போன மாதம் தஞ்சாவூரில் என் தம்பிக்குக் கல்யாணம். அவனுக்கு நான் ஒரே அக்கா. தாலியில் மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடுவது எங்கள் வழக்கம். சின்ன வயதில் சண்டை வந்தால், "என் கல்யாணத்துக்கு உன்னக் கூப்பிட மாட்டேன் போ" என்பான். "அப்போ மூணாவது முடிச்ச யாருடா போடுவா?" என்று கேட்பேன். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருடம் அவனை அதட்டிக்கொண்டிருந்தேன்.

போக முடியவில்லை. என் விசாவைப் புதுப்பிக்க என் கணவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். "அடுத்த வாரம் லீவு கேக்குறேன்லா" என்று தொழிற்சாலை ஷிப்டைக் காரணம் சொல்லியே தள்ளிப்போட்டார். கெட்டவர் இல்லை, அவருக்கு இது இன்னொரு பாரம், அவ்வளவுதான். தேதி தாண்டிவிட்டது. கையில் இருக்கும் தற்காலிகக் காகிதத்தோடு ஊருக்குப் போனால் திரும்பி வருவது சந்தேகம். எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தக் கட்டுரை போதாது.

கல்யாணத்தை அம்மா தன் போனிலிருந்து நேரலையாகக் காட்டுவதாக ஏற்பாடு. "டிவியில போட்டா எல்லாரும் பாக்கலாம்லா, ஹால்லதான் லைன் நல்லா இருக்கு" என்றார் அத்தை. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஹாலில் உட்கார்ந்து என்னால் அழ முடியாது. என் போனுக்குப் பின்னறையில் சிக்னலே வராது. அங்கே இருந்தது என் கணவரின் பழைய கணினி. வைஃபை இல்லை, கேமரா இல்லை, மைக்கும் இல்லை. நான் பார்க்கலாம், என்னை யாரும் பார்க்க முடியாது. எனக்கு அதுவே வசதியாகப் பட்டது.

ஊரில் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் நெட்வொர்க் பாடம் நடத்தியவள் நான். முதலில் வீட்டை வரைந்து, சிக்னலை எது தடுக்கும் என்று குறியுங்கள் என்பேன். மூன்று வருடம் கழித்து, ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் இந்த வீட்டை வரைந்தேன். ரௌட்டர் முன் ஹாலில். நடுவே மூன்று செங்கல் சுவர்கள், ஆளுயரக் கண்ணாடி வைத்த அலமாரி, தண்ணீர்த் தொட்டி. நேர்வழி அடைப்பு. ஆனால் எங்களுடையது மூலை வீடு. ஹால் சன்னல் வழியாக வெளியேறும் சிக்னல் வீட்டின் பக்கவாட்டு முற்றத்தில் ஓடி பின்னறைச் சன்னலை எட்டியது.

கணினிக் கடைக்காரர் தமிழர்தான். "ஊருக்குப் பேசவா தங்காச்சி? அதுக்கு போனே போதும்லா" என்றார். ஊருக்கு இல்லை அண்ணே, பின்னறைக்கு என்றேன். சிரித்தபடி ஆன்டெனா வைத்த யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். செருகினேன். கணினி அதை அடையாளம் காணவில்லை. அதற்கான டிரைவர் மென்பொருளை இணையத்திலிருந்து இறக்க வேண்டுமாம். இணையம் வேண்டுமென்றால் இணையம் இருக்க வேண்டும். என் விசாக் கதையேதான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஹாலில் நின்று போனில் டிரைவரை இறக்கி, கேபிள் வழியாகக் கணினியில் ஏற்றினேன். நீள ஒயரில் அடாப்டரை மாட்டி, பால் பாக்கெட் உறையில் சுற்றி, கிரிலுக்கு வெளியே தொங்கவிட்டேன். சோதித்துப் பார்த்ததில் படம் தெளிவாக வந்தது.

அங்கே காலை ஆறரைக்கு முகூர்த்தம், இங்கே ஒன்பது மணி. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன். விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த படம் கெட்டிமேளம் தொடங்கியதும் உறைந்தது. சன்னலுக்கு ஓடினேன். முற்றத்தில் என் கணவரின் கார், சிக்னலை மறித்துக்கொண்டு நின்றது. அன்று நண்பரோடு வேலைக்குப் போயிருக்கிறார். எப்போதும் பகலில் இராத காரை நான் வரைபடத்தில் குறிக்கவில்லை. சாவி வாங்கி, ஓட்டத் தெரிந்தவரைத் தேடி, காரை நகர்த்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கிரில் கம்பிகளுக்கிடையே கையை விட்டு, அடாப்டரைக் கார் கூரைக்கு மேலே தூக்கினேன். திரையில் தம்பி அசைந்தான். இரண்டு முடிச்சு போட்டிருந்தான். சித்தி மகளின் வளையல் போட்ட கைகள் வந்தன. என் முடிச்சை அவள் போட்டாள். "தெரியுதாடி?" என்று அம்மா போனுக்குள் கத்தினாள். தெரியுதும்மா என்றேன், கேட்காது என்று தெரிந்தும்.

தூறல் விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்ன தங்காச்சி, மழை வருதான்னு கை நீட்டிப் பாக்குறியா?"

"ஆமாக்கா."

"வந்துருச்சுலா! கொடியில உன் துணியெல்லாம் நனையுது, வந்து எடு!"

வருகிறேன் என்றேன். மேடையில் தம்பி என்னைத் தேடுவதுபோல் போனைப் பார்த்துக் கையாட்டினான். கையை உள்ளே இழுத்தால் அவன் போய்விடுவான். துணி நனையட்டும் என்று அப்படியே நின்றேன்.