டிரம் செட் செங்கல்பட்டுக்குப் போன நாள்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பகலெல்லாம் "லைன்லயே இருங்க, லைன்லயே இருங்க" என்று யார் யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ரயில்வே காலனியில் ஒரு பழைய கூடத்துக்கு ஓடிப்போய் மைக்கைப் பிடித்துவிடுவேன்.

விழுப்புரத்தில் அந்தக் காலத்திலேயே சோல், ஃபங்க், ராக் என்று மேல்நாட்டுப் பாட்டு வாசிக்கும் ஒரு பேண்டா என்று இப்போதும் கேட்கிறார்கள். இருந்தது. நாங்கள் நான்கு பேர். கிட்டார் வாசித்தவர் ரயில் என்ஜின் பழுது பார்க்கும் லோகோ ஷெட்டில் ஃபிட்டர், ஆங்கிலோ இந்தியர். அவருடைய சொந்தக்காரர்கள் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து அவர்கள் அனுப்பும் கேசட்டுகள்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். பேஸ் கிட்டார் அவருடைய தம்பி. டிரம்ஸ் வாசித்தவர் வளவனூரில் ஒரு ரைஸ் மில்லில் எலெக்ட்ரீஷியன். நான் சர்ச்சில் பாடிப் பழகியவள்.

முதலில் காலனிக்காரர்கள் மட்டும் வந்து கேட்டார்கள். போகப்போக பஸ் கண்டக்டர்கள், காலேஜ் பையன்கள், மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்த இரண்டு அக்காமார்கள் என்று கூட்டம் சேர ஆரம்பித்தது. அதற்குக் காரணம் நாங்களே போட்ட ஒரு தமிழ்ப் பாட்டு. வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு நாள் முழுக்கக் காத்திருக்கும் ஒருத்தனைப் பற்றி நான் எழுதியது. "ஊருக்குப் பேசணும்" என்று நான் இழுத்தால், "லைன் கெடைக்கல!" என்று கூடம் மொத்தமும் கத்தும். எக்ஸ்சேஞ்சில் என் குரலை வைத்தே, "லைன் கெடைக்கல அக்காவா பேசுறது?" என்று கேட்பவர்கள்கூட உண்டு.

ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் வந்து கேட்டுவிட்டு, அவர்கள் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார். விழுப்புரத்தைத் தாண்டி எங்களுக்குக் கிடைத்த முதல் மேடை. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. சர்ச்சில் பாடுவது வேறு, மேடையில் ஆடிக்கொண்டு கத்துவது வேறு என்பது அவள் கட்சி. வீட்டில் என் கல்யாணப் பேச்சு ஆரம்பித்திருந்த நேரம் வேறு.

"இந்த ஒரு வாட்டி நானும் வர்றேன்" என்றாள். "வந்து என் கண்ணால பாக்குறேன். எனக்குச் சரின்னு படலன்னா, இத்தோட நிறுத்திக்கினு வீட்ல இருக்கணும். இன்னா சொல்ற?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அன்றைக்கு நல்ல முகூர்த்த நாள். பாசஞ்சர் ரயிலில் கால் வைக்க இடமில்லை. கிட்டார்களும் ஆம்ப்ளிஃபயரும் எங்கள் மடியில் இருந்தன. டிரம் செட்டைக் கடைசியில் இருந்த பிரேக் வேனில், சாமான்களோடு ஏற்றியிருந்தோம். திண்டிவனத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நாங்கள் இறங்குவதே பெரும்பாடாகிவிட்டது. டிரம்மர் இறங்கி, பிளாட்பாரத்தில் பின்பக்கமாக ஓடுவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. அவர் கத்திக்கொண்டே ஓட, டிரம் செட் அவரைத் தாண்டிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் போயே போய்விட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். உடனே அடுத்த ஸ்டேஷனுக்கு போன் பண்ணிச் சொன்னார். ஆனால் டிரம் செட் திரும்பி வர மறுநாள் ஆகும் என்றார். எங்களை அழைத்துப்போக வந்திருந்த செயலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"டிரம்மு இல்லாம இன்னாங்க பண்ணப் போறீங்க? ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாச்சி. பேஜாராப் போச்சே!"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன்.

டிரம்மர்தான் முதலில் அதைப் பார்த்தார். ஸ்டேஷனுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் ஒரு பேண்டு செட்டின் கடை. சுவரில் பெரிய டிரம்மும் சின்ன டிரம்மும் மாட்டியிருந்தன. ரோட்டைத் தாண்டிப் போனோம். காலை முகூர்த்தத்துக்கு வாசித்துவிட்டு வந்த பேண்டுக்காரர்கள், யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார்கள். மாஸ்டர் என்று மற்றவர்கள் கூப்பிட்ட பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் எழுந்து உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார்.

"டிரம்ம மட்டும் தனியா அனுப்ப மாட்டேன்" என்றார். "அது போனா ஆளுங்களும் கூடவே வருவாங்க. சம்மதமா?"

செயலாளர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இவங்க சாவுக்கெல்லாம் வாசிக்கிறவங்க. விழா மேடையில ஏத்துனா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

கிட்டார்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மா பேசினாள்.

"எங்க வூட்டுக்காரர் செத்தப்பவும் பேண்டு செட்டுதாங்க வந்துச்சி. அன்னைக்கு அவங்க வாசிச்சதாலதான் எனக்கு அழுகையே வந்துச்சி. அதுவரைக்கும் மரம் மாதிரி உக்காந்துகினு இருந்தேன். அவங்க ஏறக் கூடாதுன்னா என் பொண்ணும் ஏற மாட்டா."

அம்மா அன்றுவரை அப்பா இறந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. செயலாளரே போய் மாஸ்டரிடம் சம்மதம் என்று சொன்னார்.

அன்று சாயங்காலம் விழா மேடையில் முதல் பாட்டு படுமோசம். பெரிய டிரம்மை அடித்தவர் ஊர்வல நடையில் அடிக்கிறார். எங்கள் டிரம்மர் சின்ன டிரம்மில் வேறு நடையில் போகிறார். பேஸ் வாசித்த தம்பி யாரோடு போவது என்று தெரியாமல் விழித்தார். மைதானத்தில் நல்ல கூட்டம். "சினிமாப் பாட்டு பாடுங்கப்பா!" என்று ஒரு குரல் வந்தது. சிலர் எழுந்து போகவும் ஆரம்பித்தார்கள். டிரம்மர் இரண்டு பாட்டுக்கு நடுவில் பெரிய டிரம்காரரிடம் குனிந்து, "அண்ணா, முதல் அடிய மட்டும் பலமாப் போடுங்க. மீதிய எனக்கு வுட்டுடுங்க" என்றார். அவர் தலையை ஆட்டினார்.

இரண்டாவது, எங்கள் டெலிபோன் பாட்டு. அதில் ஒரு இடம் உண்டு. கேசட்டுகளில் அந்த மாதிரி இடங்களில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து வெடிக்கும். எங்களிடம் அது இல்லாததால் கிட்டார்காரர் தன் கிட்டாரிலேயே அதை ஒப்பேற்றுவார். அன்றும் அப்படித்தான் வாசித்தார். வாசித்து முடித்த அடுத்த நொடி, மேடைக்குக் கீழேயிருந்து அதே வரி டிரம்பெட்டில் திரும்பி வந்தது!

பார்த்தால் மாஸ்டர். சும்மா துணைக்கு வந்தவர், டிரம்பெட்டோடு வந்திருக்கிறார். கடைசி சுரம் கொஞ்சம் தப்பு. கிட்டார்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை வாசித்துக் காட்டினார். இந்தத் தடவை மாஸ்டர் சரியாகப் பிடித்துவிட்டார். "மேல வாங்க மாஸ்டர், மேல வாங்க மேன்!" என்று கிட்டார்காரர் கத்தினார். அவர் மேலே வர, பின்னாலேயே சாக்ஸபோன்காரரும் வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? பெரிய டிரம்மின் அந்த முதல் அடி நெஞ்சுக்குள் விழுந்தது. நான் "ஊருக்குப் பேசணும்" என்று இழுத்தேன். விழுப்புரத்திலிருந்து எங்களுக்காக வந்திருந்த கொஞ்சம் பேர் "லைன் கெடைக்கல!" என்று கத்தினார்கள். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் பதில் சொல்லின. மறுபடி இழுத்தேன். இந்தத் தடவை மைதானமே கத்தியது. எழுந்து போனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். முன்வரிசையில் செயலாளர் தன்னை மறந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அதே பாட்டை இன்னொரு முறை பாடச் சொன்னார்கள். பாடினோம். அன்றைக்குப் பாடியது போல நான் அதற்குமுன் பாடியதில்லை.

இறங்கி வந்ததும் அம்மாவைத் தேடினேன். பெண்கள் பக்கத்தில், யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "இவதான் என் பொண்ணு" என்றாள் அந்தப் பெண்ணிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "தொண்ட கட்டிக்கப் போவுது. போய் வெந்நி கேட்டு வாங்கிக் குடி. அடுத்தது எந்த ஊரு?" என்றாள். அவ்வளவுதான் அவள் தீர்ப்பு.

மறுநாள் டிரம் செட் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு மாஸ்டரும் சாக்ஸபோன்காரரும் இல்லாமல் நாங்கள் மேடை ஏறவில்லை. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அவர்கள் விழுப்புரம் வந்துவிடுவார்கள். வளவனூர், விக்கிரவாண்டி என்று கல்யாண ரிசப்ஷன்களுக்கெல்லாம் கூப்பிட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "எங்க பொண்ணு பேண்டுல பாடுது, பரவாயில்லையா?" என்று அம்மாவே கேட்டாள். பரவாயில்லை என்றவரைத்தான் கட்டிக்கொண்டேன். சில வருஷங்கள் கழித்துக் கிட்டார்காரர் குடும்பமும் ஆஸ்திரேலியாவுக்குப் போக, பேண்டு தானாகக் கலைந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. பாட வேண்டியதை ஆசை தீரப் பாடிவிட்டோம்.

இப்போதும் யாரிடமாவது ஒரு உதவி கேட்க வாய் கூசும்போது, ரோட்டைத் தாண்டிப் போய் அந்தப் பேண்டு செட்டுக் கடை வாசலில் நின்றதை நினைத்துக்கொள்வேன். கூச்சத்தை விட்டுவிட்டுக் கேட்டும்விடுவேன்.