இரண்டு சிப்பில் ஒன்று

என் நாத்தனாரை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பம்பரம்தான். சாப்பிட உட்கார்ந்தால் கால் ஆடும். டீயைக்கூட ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டேதான் குடிப்பாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே தலை சுற்றும்.

டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன கம்பெனியில் அவள் இன்ஜினியர். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக டேக் செய்கிறார்கள். அதைப் பையிலோ சாவியிலோ மாட்டிவிட வேண்டும். பையை மறந்துவிட்டு நீங்கள் கிளம்பினால், கையில் இருக்கும் போன் கத்தி ஞாபகப்படுத்தும்.

இந்த யோசனையே என் வீட்டுக்காரரால் வந்தது. அவர் லிப்ட் மெக்கானிக். ஆஸ்துமாக்காரர். போன இடத்திலெல்லாம் இன்ஹேலரை வைத்துவிட்டு வருவார், போனை மட்டும் மறக்கமாட்டார். திரை விரிசல் விட்ட ஓட்டைப் போன் அது. என்னைவிட அதைத்தான் நன்றாகப் பார்த்துக்கொள்வார். ஒருமுறை மூச்சுத் திணறி அவர் மருத்துவமனையில் கிடந்தபோது பம்பரம் அழவே இல்லை, வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தாள். வேலைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் போய் டேக்கைப் பற்றிப் பேசிவிட்டாள்.

எல்லாம் சிப்பில்தான் வந்து நின்றது. டேக்குக்குள் இருந்துகொண்டு போனோடு பேசுவது அதுதான். எந்த சிப் என்று தெரிந்தால்தான் போர்டு வரைய முடியும், வரைந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லி முதலாளி அவள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார். இரண்டு சிப்பை எங்கள் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள். எறும்பு இழுத்துக்கொண்டு போகும் அளவுதான் இருந்தன.

“அண்ணி, இது பழைய வகை. சிக்னல் எவ்வளவு பலமா வருதுன்னு பார்த்து தூரத்தை ஊகிக்கும். நடுவுல ஆள் நின்னா பலம் குறையும், உடனே பை தூரமா போயிடுச்சுன்னு நினைச்சுக்கும். இது புதுசு. சிக்னல் போயிட்டு வர்ற நேரத்தை அளந்து, ஒரு முழம் முன்னபின்ன சரியா சொல்லிடும்.”

“அப்புறம் என்ன யோசனை? புதுசையே போடு.”

“அதான் போடப்போறேன்,” என்றாள். என்றவள் எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

பழைய சிப்பின் லட்சணத்தை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தோம். இன்ஹேலர் வைக்கும் மருந்துப் பை அவர் பெல்ட்டில் முன்பக்கம், போன் பின்பாக்கெட்டில், நடுவில் அவருடைய பருத்த உடம்பு. சிக்னல் தாண்ட முடியாமல் போன் ஓயாமல் கத்தியது.

“மருந்து இடுப்புலதான் இருக்கு. எங்க போச்சு எங்க போச்சுன்னு உயிரை வாங்குது,” என்று டேக்கைக் கழற்றி எறிந்துவிட்டார்.

“தொப்பையைக் கரைண்ணா, சரியாயிடும்,” என்றாள் தங்கைக்காரி. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

புதன்கிழமை புது சிப் வைத்த டேக்கைக் கொண்டுவந்து அவர் பையில் மாட்டினாள். போனில் ஆப்பையும் போட்டாள். பச்சை விளக்கு வந்தது. அன்று முழுக்க போன் கத்தவே இல்லை. “இதுதான்டி டேக்கு,” என்று என்னிடம் வாயாரப் புகழ்ந்தார். அன்று இரவு பம்பரம் எங்கள் வீட்டில் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாள் காலை அவர் கிளம்பிப் போன பிறகு துணி துவைக்கப் போனேன். வாஷிங் மெஷின் மேல் அந்தப் பை இருந்தது. பெல்ட் மாற்றும்போது கழற்றி வைத்திருக்கிறார். போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, வண்டி பிடித்து அவர் வேலை செய்யும் கட்டடத்துக்கு ஓடினேன். மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது, பேச்சு வரவில்லை. போனைத் தூக்கிக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மருந்தை இழுத்த பிறகும் அவர் மூச்சு சீராக வெகுநேரம் ஆனது. அதற்குள் நான் கூப்பிட்டதும் பம்பரம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது.

“உங்க அண்ணன் உயிரை வச்சா சோதனை பண்ணுவ? பச்சையா எரியுதே, வெக்கமா இல்ல?”

அவள் போனை வாங்கி எதையெதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணி, இந்தப் பழைய போனால அந்த தூரத்தை அளக்க முடியாது. முதல் அளவு வந்த பிறகுதான் ஆப் காவலே காக்க ஆரம்பிக்கும். அளவு வரவே இல்ல. டேக்கோட சேர்ந்தாச்சுன்னு பச்சையைக் காட்டிட்டு சும்மா இருந்திருக்கு.”

“இது உங்க ஆபீஸ்ல ஒருத்தர் கண்ணுலயும் படலையா?”

“ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் புது போன்.”

ஓங்கி அறையலாம் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கை வரவில்லை.

“விடு,” என்றார் இவர், குரல் கரகரக்க. “நான் புது போன் வாங்கிக்கறேன்.”

“நீ வாங்குவண்ணா, மத்தவங்க?” என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை பழைய சிப்பைச் சொல்லிவிட்டாள். ஆபீஸில் ஒரே ரகளையாம். ஆப் எழுதுகிறவர், பொய்யாகக் கத்தும் டேக்கை ஜனங்கள் ஒரே நாளில் கழற்றி எறிவார்கள் என்று சண்டை போட்டிருக்கிறார். “எறியட்டும். எறிஞ்சது அவங்களுக்குத் தெரியுமில்ல,” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இப்போது இவர் பையில் பழைய சிப் டேக்தான் இருக்கிறது. இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் வேலை, கேட்க வேண்டுமா, நாள் முழுக்கப் போன் கத்துகிறது. திட்டுகிறார், இடுப்பைத் தொட்டுப் பார்க்கிறார், வேலையைத் தொடர்கிறார். அது கத்தும்போதெல்லாம் தன் போனிலும் மணி அடிக்கும்படி பம்பரம் செய்து வைத்திருக்கிறாள். பொய்க் கத்தல் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நடந்தபடி கூப்பிடுவாள்.

“அண்ணா, இருக்கா?”

“இருக்கு, போனை வை.”

வைக்கமாட்டாள். எதற்கு வைக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், அவளுக்குக் கேட்கும்படி ஒரு மூச்சை நன்றாக இழுத்து விடுவார்.