புதுத் தலைவரின் தலைப்பாகை

மைசூர்ச் சந்தை வாசலில் நாதசுரம் காதைப் பிளக்கிறது. அரை மணியில் எனக்கு ரயில். கால் நகர மாட்டேன் என்கிறது. நகரசபையின் புதுத் தலைவர் வருகிறாராம்.

"இங்க மூட்டை தூக்குனவருங்க. மூட்டையில இருந்த பேரைப் பாத்தே எழுத்துக் கத்துக்கிட்டாரு. சாக்கடை கட்டித் தாரேன்னு தேர்தல்ல நின்னு ரெண்டு தடவை தோத்தாருங்க," என்கிறார் கொள்ளேகாலத்துப் பூக்காரம்மா, கையில் மாலையோடு.

சாரட்டு நிற்கிறது. சரிகைத் தலைப்பாகையோடு தலைவர் இறங்கிக் கழுத்தை நீட்டுகிறார். பூக்காரம்மா மாலையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்.

"மொதல்ல சாக்கடையப் பாரு கண்ணு!"

தலைவர் சிரித்துவிடுகிறார். தலைப்பாகையைக் கழற்றி, பக்கத்தில் நிற்கும் என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வாசலில் திறந்து கிடக்கும் சாக்கடையோரம் குந்திப் பார்க்கிறார்.

என் ரயில் ஊதுவது கேட்கிறது. போகட்டும். இந்த ஊர்த் தலைவரின் தலைப்பாகை என் கையில் இருக்கிறது.