அம்மாவுக்கு விரித்த முதல் இலை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. "அம்மாவைப் பத்தி நீதான் எழுதணும்க்கா" என்று தம்பி சொன்னபோது, "ஏன், உனக்குக் கை இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன். எழுத உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்ற பயம், வேறொன்றுமில்லை.

அம்மா காப்பாரில், செம்பனைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். வீட்டுக்கு மூத்த பெண் என்பதால் தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்ததே அவருக்குப் பள்ளிக்கூடம். அப்பாவைக் கைப்பிடித்துக் கிள்ளானுக்கு வந்தார். அப்பா துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். முதுகு ஒத்துழைக்காமல் அவர் வண்டியை விட்டு இறங்கிய வருடம், அம்மா கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, எங்கள் இருவருக்கும் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் படுப்பார். எங்கள் இருவரையும் ஆளாக்கியது அந்தக் கைகள்தாம்.

யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் அடுப்படியைப் பிடித்துக்கொள்வார். இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டு அடுப்படியில் அம்மா நின்றிருப்பார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு யாரும் தப்பித்ததில்லை.

அப்பா போனபோது நான் இவ்வளவு உடைந்து போகவில்லை. அம்மா இருந்தார், அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அம்மாவும் போன பிறகுதான் தெரிந்தது, நான் பிள்ளையாக இருப்பதற்கு இனி ஓர் இடமில்லை என்று. "வயசான கட்டை, கஷ்டப்படாம போய்ச் சேர்ந்துட்டாங்க" என்று ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால், ஐம்பது வயதுக்காரிக்கு அம்மா வேண்டாமா என்ன? பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு ஜன்னலில் மழை விழுந்தால் இன்றும் கை போனுக்குப் போகிறது. "அங்க மழையா? இங்க துணி நல்லா காஞ்சிடுச்சு" என்று கிள்ளான் வானிலையை எனக்கு வாசித்தவர் அவர். பேசி முடித்தால் ஒன்றுமே பேசியிருக்க மாட்டோம். அந்த ஒன்றுமில்லாத பேச்சுக்குத்தான் நான் ஏங்கிப் போகிறேன்.

துக்கத்தில் தம்பிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அழுகை வந்துகொண்டே இருந்தது, அவனுக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. "கிள்ளான் வீட்டை வித்துடலாம்லா, பூட்டி வெச்சு என்ன செய்ய?" என்று கேட்டான். எனக்கு வந்ததே கோபம். "அம்மா புடவை இன்னும் கொடியில தொங்குது, உனக்கு விக்கணுமா?" என்று கத்திவிட்டுப் பேச்சை நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா கடைசியாகக் கேட்டுக்கொண்டது, "நான் போயிட்டா ஆளுக்கொரு மூலைக்குப் போயிடாதீங்க" என்பது. நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அவன் சுங்கை பூலோவில், நான் பிரிக்பீல்ட்ஸில். அந்த வீடும் போனால் எங்களை ஒன்றாக உட்கார வைக்க எது மிச்சம் என்று எனக்குள் நடுக்கம்.

தீபாவளி வந்தது. துக்க வருடம், பண்டிகை இல்லை. ஆனால், முந்தின நாள் முன்னோருக்குப் படையல் போட்டே ஆக வேண்டும். படையலைக் கிள்ளான் வீட்டிலேயே வைக்கலாம் என்று தம்பி மனைவிதான் இரு பக்கமும் பேசி எங்களை வரவழைத்தாள். அவனும் நானும் முகம் பார்க்காமலேயே வேலை செய்தோம். நான் சமைத்தேன். அவன் இலை விரித்தான். அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, பக்கத்தில் ஒரு பாட்டில் கறுப்பு பீர். "இன்னிக்கு ஒரு நாள்தான், நாளைக்குக் கேக்கக்கூடாது" என்று வருடா வருடம் அம்மா அப்பாவின் படத்தை மிரட்டுவது நினைவுக்கு வந்தது.

எல்லாம் வைத்தாயிற்று. தம்பி விளக்கை ஏற்றிவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி, வழக்கம்போலக் குரல் கொடுத்தான்.

"அம்மா, சாம்பிராணி கொண்டாங்க!"

அடுப்படியில் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம்தான் பார்த்தோம். சுவரில் இரண்டு படங்கள், இரண்டிலும் மாலை, கீழே ஒரே ஓர் இலை. அப்பா போனதிலிருந்து படையல் என்றால் எங்களுக்கு அப்பாவின் இலைதான். அம்மா பரிமாறுகிறவர். அவருக்கே இலை போட வேண்டும் என்று எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

"ஐயோ, அம்மாவுக்கு ஒண்ணுமே வாங்கலையே" என்றேன்.

தம்பி சாவியை எடுத்தான். "சென்டோல் வாங்கிட்டு வரேன்."

"அம்மாவுக்கு இனிப்பு நீர்டா. அந்த ஐஸ் இனிப்பையெல்லாம் அவங்க எங்க சாப்பிட்டாங்க?"

"மாசாமாசம் செக்கப் முடிஞ்சு வாங்கிக் கொடுப்பேன்க்கா. குலா மெலாக்கா வெல்லப்பாகு நெறைய ஊத்தச் சொல்லிக் கேட்டு வாங்குவாங்க. உன்கிட்ட மூச்சுவிடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

அடப்பாவிகளா! வாரந்தவறாமல் நான் ரத்தத்தில் சர்க்கரை பார்த்து, ஏன் ஏறுகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன். அம்மா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அவன் வாங்கி வந்தான். அப்பா இலைக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு ஓர் இலை விரித்து, நடுவில் சென்டோல் கிண்ணத்தை வைத்தோம். சாம்பிராணி போட்டு, இறந்தவர்கள் வந்து சாப்பிட வழிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலில் போய் நின்றோம். தம்பி மட்டும் கதவை விட்டு நகரவில்லை. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு, உள்ளே ஆள் இருப்பது போலவே சொன்னான்:

"ம்மா, ஐஸ் உருகுறதுக்குள்ள சாப்பிடுங்கம்மா."

சொல்லிவிட்டு அழுதான். அத்தனை மாதத்து அழுகையும் சேர்ந்து வந்தது. நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். இவன் கல்நெஞ்சன் என்று நினைத்தேனே, அவனுக்கு வலித்த இடம் வேறு, அவ்வளவுதான்.

கதவைத் திறந்தபோது ஐஸ் உருகித் தண்ணீராகியிருந்தது. அந்தக் கிண்ணத்தில் நானும் அவனும் இரண்டு கரண்டி போட்டுக் குடித்து முடித்தோம். குடித்த பிறகு நான்தான் சொன்னேன், "வீட்டை வித்துடலாம்டா. தீபாவளிக்கு உன் வீட்டுக்கு வரேன்" என்று.

அம்மாவின் கடைசி நாள்களில் கைத்தாங்கலாக நின்ற தாதியருக்கும், பதினாறு நாளும் எங்களைப் பட்டினி போடாத பக்கத்து வீட்டுச் சீன ஆன்டிக்கும், எங்கள் இருவரையும் ஒரே கூரைக்குக் கீழ் இழுத்து வந்த தம்பி மனைவிக்கும், தொலைவு பாராமல் வந்து தோள் கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது.

இன்றைய வழிபாடு சுங்கை பூலோவில், தம்பி வீட்டில். இரண்டு இலை விரித்தாயிற்று. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் அம்மா எங்களைச் சும்மா விடமாட்டார். எல்லாருக்கும் சென்டோல் இருக்கிறது. ஐஸ் உருகுவதற்குள் வாருங்கள்.